ஏட்டுக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

அண்ணாச்சி மதுரைக்கு முழங்கால் முட்டு ஆபரேஷனுக்குப் போனபோது வீட்டுச் சாவியையும், ஒரு டப்பா மீன் தீனியையும், ஒரே ஒரு மீனையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

அண்ணாச்சி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். போலீசில் காவலராகச் சேர்ந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். அவர் தன் வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டுக்குள் நான் திரும்பிப் பார்ப்பேன். நானோ பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூடக் குரல் கொடுக்கத் தயங்கி, வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்க்கிற ஆள். பதினைந்து வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் அவரிடம் நான் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். அவர் மனைவி, எனக்கு மைனி, வேறு மாதிரி. அவர்களிடம் எனக்குப் பயம் இல்லை. சாவியை நான் வாங்கிக்கொண்டது மைனிக்காகத்தான்.

மீன் ஒரு கறுப்பு மோலி. சுண்டுவிரல் நீளம் இருக்கும். அண்ணாச்சி அதற்கு வைத்திருந்த பெயர் ஏட்டு. ஓய்வு பெற்ற புதிதில் அவர் ஆறு மாதம் கட்டிலில் மல்லாந்து படுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வார். மதுரையிலிருந்து வந்த மகள் பார்த்துப் பொறுக்காமல் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியும் பதினொரு மீனும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம்தான் மனிதர் எழுந்தார். காலையில் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு மீன்களை எண்ணுவார். எது எதைத் துரத்துகிறது என்று மைனியிடம் புகார் சொல்லுவார். மூன்று வருடத்தில் ஒவ்வொன்றாகக் குறைந்து இது மட்டும் மிஞ்சியது. புதிதாக ஒன்றும் வாங்க அவர் சம்மதிக்கவில்லை.

கிளம்புகிற அன்று கார் வாசலில் நிற்கும்போது என்னைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி உத்தரவு போட்டார்.

"ஏம்மா, காலைல ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை. பாவம்னு கூடப் போட்டுராத. வாரத்துக்கு ரெண்டு வாளித் தண்ணி எடுத்துட்டு ரெண்டு வாளி ஊத்தணும். நல்ல தண்ணியாப் பாத்து ஊத்து, என்ன?"

"சரி அண்ணாச்சி."

"இவன் ஒருத்தந்தான் மிச்சம். இவனும் போயிட்டாம்னா தொட்டியக் கவுத்து மாடில போட்டுருவேன். அதோட சரி."

மைனி என் கையைப் பிடித்துச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். "ஏட்டி, அவுங்க வெளையாட்டுக்குச் சொல்லல. தொட்டி போச்சுன்னா இந்த மனுசன் மறுபடியும் கட்டில்ல போயி விழுந்துருவாரு. இப்ப கால வேற அறுத்துட்டு வாறாரு. எந்திரிச்சு நடந்தாத்தான் புது முட்டு நிக்கும்னு டாக்டர் சொல்லுதாரு. படுத்துட்டாருன்னா நான் ஒருத்தி என்னத்தப் பண்ணுவேன்? அந்த மீன மட்டும் உசிரோட வச்சிரு தாயி."

கார் போன பிறகு நான் தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மீன் என்னைப் பார்த்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அன்றைக்கு அதற்கு நல்ல வயிறு இருந்தது.

எங்கள் தெரு தென்காசிக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று ஆழ்துளையில் மோட்டார் போட்டு எடுக்கிற போர்த் தண்ணீர். உப்பு. அதில் பருப்பு வேகாது, சோறு மஞ்சளாகிவிடும், வாளி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். குளிக்கவும் துவைக்கவும் அதுதான். இன்னொன்று ஒன்றுவிட்டு ஒரு நாள் குழாயில் வருகிற குடிதண்ணீர். அதற்குப் பெயர் நல்ல தண்ணீர். எங்கள் தெருவில் யாரிடம் போய் நல்ல தண்ணி என்று கேட்டாலும் குடிக்கிற தண்ணீரைத்தான் மோந்து தருவார்கள். அண்ணாச்சி அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்கு வேறு நினைப்பே வரவில்லை.

குழாய்த் தண்ணீரில் சில நாள் மருந்து வாசம் அடிக்கும். ஆனால் அதைவிட நல்ல தண்ணீர் என் கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தது. நான் வேலை பார்ப்பது குற்றாலத்தில் ஒரு விடுதியில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் இருக்கிற அறை என் பொறுப்பு. வருகிறவர்களிடம் பேச வேண்டியதில்லை என்பதாலேயே எனக்கு அந்த வேலை பிடிக்கும். விடுதிக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்குகிற ஓடையில் குழாய் வைத்துத் தொட்டியில் விட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீருக்கு ஆசைப்பட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். மூலிகைத் தண்ணீர், பித்தம் தெளியும், மேல்வலி போகும் என்பார்கள். ஊருக்குத் திரும்பும்போது பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். நான் சாயங்காலம் பஸ் ஏறும்போது ஐந்து லிட்டர் கேனில் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு மேலகரம் வழியாக வீட்டுக்கு வருவேன்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தன வருசமா அங்கன வேல பாக்க, எனக்கு ஒரு சொம்பு கொண்டாந்து குடுத்ததுண்டா? பக்கத்து வீட்டு மீனுக்குக் குற்றாலக் குளியலா?"

"ஒப்படைச்சிட்டுப் போயிருக்காங்க. நல்லாப் பாக்காண்டாமா?"

நல்லாப் பார்க்க வேண்டும் என்கிற அந்த எண்ணம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. வாரத்துக்கு ஒரு முறை போதும் என்று சொல்லியிருந்தார். நான் தினமும் ஒரு கேன் எடுத்து ஒரு கேன் ஊற்றினேன். தொட்டிச் சுவரில் பச்சைப் பச்சையாகப் பாசி படிந்திருந்தது. அழுக்கு என்று நினைத்துத் தேங்காய் நாரால் ஒரு பொட்டு விடாமல் தேய்த்து எடுத்தேன். மேல் விளிம்பில் வெள்ளையாகக் கட்டிப்போயிருந்ததைப் புளி போட்டுத் துடைத்தேன். முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோது, தண்ணீர் இருப்பதே தெரியாமல் தொட்டி மின்னியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, தீனி போட்டபோது மீன் மேலே வரவில்லை. அடியில், பிளாஸ்டிக் கோட்டை ஒன்று கிடக்கும், அதற்குப் பக்கத்தில் நின்றது. மறுநாளும் வரவில்லை. போட்ட தீனி ஊறிக் கீழே படிந்தது. அதை வடிகட்டியால் எடுத்தேன். துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், நின்ற இடத்திலேயே உடம்பை மட்டும் நெளித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரர் குளிரில் நடுங்குவதுபோல இருந்தது.

வெளியே சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் கூட்டம். விடுதியில் துண்டு காயவில்லை. ஊரே குளிர்ந்து கிடந்தது. மீனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்ததும் நான் செய்தது, ஒரு கேனுக்குப் பதிலாக இரண்டு கேன் கொண்டுவந்தது. மூலிகைத் தண்ணீர்தானே, மனிதனுக்கே கேட்கிறது, மீனுக்குக் கேட்காதா என்று நினைத்தேன். ஒரு கையில் ஒரு கேன், மடியில் ஒரு கேன். அதற்கு உடம்பு மோசமாக ஆக நான் கூடக் கூட ஊற்றினேன்.

மைனி தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அண்ணாச்சி கட்டிலில் இருந்தபடியே போனைப் பிடுங்கிக்கொள்வார்.

"ஏம்மா, ஏட்டு எங்க?"

"கோட்டைக்குப் பின்னால இருக்கு அண்ணாச்சி."

"டூட்டி நேரத்துல அங்கன என்ன பண்ணுதான்? சாப்பிட்டானா?"

"சாப்பிட்டது."

அது பொய். நான் போனைத் தொட்டிக்கு நேராக, ஆனால் கோட்டை மறைக்கிற மாதிரி பிடித்திருந்தேன். வால் மட்டும் தெரிந்தது. அவர் கேட்டது ஒரு மீனைப் பற்றித்தான். ஆனால் எனக்குக் கண் முன்னால் வந்தது மைனி சமையல்கட்டில் நின்று என் கையைப் பிடித்த பிடி.

இரண்டு வாரத்தில் அது ஆளே மாறிப்போனது. பக்கவாட்டில் பார்த்தால் வயிறு உள்ளே வாங்கியிருந்தது. மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் தலையாக இருந்தது, உடம்பு தீக்குச்சி. இனி யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும் என்று ஆனது.

தென்காசியில் கடைவீதிக்குள் மீனும் லவ் பேர்ட்சும் விற்கிற ஒரு சின்னக் கடை உண்டு. லீவு போட்டுவிட்டுப் போனேன். கடைக்குள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று பக்கத்தில் குடைக் கடை முன்னால் குடை பார்ப்பதுபோல நின்றேன். குடைக்கடைக்காரர் நான்கு குடையை விரித்துக் காட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு குடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மீனைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். ஷட்டரைத் தூக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்னக்கா வேணும்?"

வாயால் சொல்லாமல் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மோலியா? ஏங்க்கா, இது என்ன வெரதமா கெடக்கு? வயிறு ஒட்டிப் போச்சே."

"போடுதேன் தம்பி. திங்க மாட்டேங்குது."

"நின்ன எடத்துலயே நெளியுதா?"

"ஆமா."

"தண்ணி என்ன தண்ணி?"

அந்தக் கேள்விக்குத்தான் எனக்குத் தெம்பாகப் பதில் வந்தது. "நல்ல தண்ணி தம்பி. குற்றாலத்துத் தண்ணி. தெனமும் கொண்டாந்து மாத்துதேன்."

அவர் போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "குற்றாலத் தண்ணியா? யக்கா, நீங்க மீன வளக்குதியளா, சீசனுக்குக் கூட்டிட்டு வந்திருக்கியளா?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அது மலைத் தண்ணிக்கா. மழைத் தண்ணி மாதிரி. நமக்கு அமுர்தம், ஆனா அதுல உப்புச் சத்து ஒண்ணும் கெடையாது. மோலிக்கு உப்புத் தண்ணிதான் உசிரு. அதோட சூடும் வேணும். இது முன்னால எதுல கெடந்தது?"

தொட்டி விளிம்பில் நான் புளி போட்டுத் துடைத்த வெள்ளைப் படிவு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு வாளியில் இருப்பதும் அதே வெள்ளைதான். "போர்த் தண்ணியாத்தான் இருக்கும்."

"அப்பறம் என்ன? இத்தன நாளு போர்த் தண்ணில சொகமாக் கெடந்தத இழுத்துட்டுப் போயி அருவிக்கடியில நிறுத்திட்டிய. பாசியாச்சும் விட்டு வச்சிருக்கியளா, கண்ணாடில பச்சையா?"

"அத எல்லாம் சுத்தமாத் தேச்சுக் கழுவிட்டேன்."

"அதாங்க்கா அதுக்குச் சோறு."

நான் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "செத்துருமா தம்பி?" என்று கேட்டேன்.

"இன்னும் நிமிந்து நிக்குல்லா? அப்ப பொழச்சுக்கும். ஆனா ஒண்ணு, பயந்துபோயி இன்னைக்கே எல்லாத் தண்ணியவும் மாத்திராதிய. அது ஒரேயடியாத் தாங்காது. இன்னைக்கு ரெண்டு செம்பு எடுத்துட்டு ரெண்டு செம்பு போர்த் தண்ணி. நாளைக்கு மூணு. அப்பிடியே போங்க."

"மருந்து எதாச்சும்?"

"மருந்தே வேண்டாம். நீங்க கொஞ்சம் கையக் கட்டிட்டு இருந்தாலே பாதி சரியாயிரும்."

தண்ணீரைச் சூடு பண்ணுகிற கண்ணாடிக் குழல் ஒன்றைக் கொடுத்தார். பச்சைப் பட்டாணியை வேக வைத்துத் தோலை உரித்து, மசித்து, மிளகளவு போடச் சொன்னார். நான் இறங்கும்போது பின்னாலிருந்து, "யக்கா, இது பொட்டை மீனு" என்றார். ஏட்டு என்று பெயர் வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கு முதலில் மீன் பிழைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

அன்றிலிருந்து என் வேலை பொறுமையாக இருப்பது மட்டும்தான். போர்த் தண்ணீரை முந்தின நாளே வாளியில் பிடித்து அண்ணாச்சி வீட்டுக்குள் வைப்பேன். காலையில் செம்பால் எடுத்து, செம்பால் ஊற்றுவேன். பருப்பு வேகாது என்று நான் வாழ்நாளெல்லாம் திட்டிய தண்ணீர். அதை இவ்வளவு மரியாதையாக நான் தூக்கியதே இல்லை. சாரல் காற்று ஜன்னல் வழியாக வந்ததால், விடுதியில் கழித்துப்போட்ட பழைய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து தொட்டியின் மூன்று பக்கமும் சுற்றிக் கட்டினேன்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வீடியோவில் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அது என்ன துண்டு?"

"குளிருது அண்ணாச்சி. அதான்."

"லாட்ஜு பேரு போட்டிருக்கே. ஏட்டு குற்றாலத்துல ரூம் எடுத்துட்டானா?" பின்னால் மைனி சிரிக்கிற சத்தம் கேட்டது. "அவன் மூஞ்சியக் காட்டேன் பாப்போம்."

"தூங்குது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மீன் தூங்குகிறது என்று ஒரு போலீஸ்காரரிடம் சொன்ன ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதல் மூன்று நாள் ஒரு மாற்றமும் இல்லை. பட்டாணியைப் போடுவேன், அது கீழே போய்ப் படியும், எடுப்பேன். நான்காவது நாள் நெளிவது கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அது என் ஆசையோ என்று சந்தேகப்பட்டு, அடுப்பைக் கவனித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். ஐந்தாவது நாள் ஒட்டியிருந்த துடுப்பை விரித்து, கோட்டையிலிருந்து சூடு பண்ணும் குழல் வரை நீந்திப் போய் அங்கே நின்றது. அடுப்புப் பக்கத்தில் பூனை உட்காருமே, அப்படி.

ஆறாவது நாள் காலை. வேலைக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைசியாக ஒரு துளிப் பட்டாணியைப் போட்டேன். அது ஆடி ஆடி இறங்கியது. மீன் தலையைத் திருப்பிப் பார்த்தது. பக்கத்தில் வந்தது. வாயில் வாங்கியது, துப்பியது. மறுபடியும் வாங்கியது. இந்தத் தடவை துப்பவில்லை. இன்னொரு துளி போட்டேன். அதையும் தின்றது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் போய்விட்டது. விடுதியில் அன்றைக்குத் தாமதத்துக்குத் திட்டினார்கள். மேனேஜர் திட்டத் திட்ட நான் சிரித்துக்கொண்டு நின்றேனாம். துணி துவைக்கிற அக்கா அப்புறம் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். சாயங்காலம் நானே மைனியைக் கூப்பிட்டேன். நானாக யாரையும் கூப்பிடுகிறவள் இல்லை. துண்டை விலக்கி, போனைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து, "அண்ணாச்சி, இங்க பாருங்க" என்றேன். மீன் போனுக்கு நேராக வந்து நின்றது. என் கண்ணுக்கு அது பிழைத்த மீன். அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை. எலும்பும் தோலுமாக ஒரு கறுப்புக் குச்சி.

அண்ணாச்சி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "சரிம்மா" என்றார். போனை மைனியிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஏட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. மைனி கூப்பிடுவார்கள். கால் வீக்கம் வற்றியதா, தையல் பிரித்தாச்சா என்பது மட்டும்தான் பேச்சு. "அண்ணாச்சி என்ன செய்யுதாங்க?" என்று கேட்டால், "படுத்திருக்காங்கட்டி" என்பார்கள். அவர்கள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என்மேல் கோபம், மீனைப் பட்டினி போட்டுவிட்டேன் என்று நினைக்கிறார், திரும்பி வந்ததும் தொட்டியைக் கவிழ்க்கப்போகிறார் என்று முடிவு செய்தேன். நடந்ததை எல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். போன் அடித்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

மீன் மட்டும் என்னைப் பற்றிய கவலை ஏதும் இல்லாமல் தின்றது. பட்டாணி தின்றது. கூழாங்கல்லில் கட்டிப் போட்ட வெந்த கீரையைக் கொத்தியது. பிறகு பழைய தீனியையும் தின்றது. தொட்டித் தண்ணீர் முழுக்கப் போர்த் தண்ணீராக மாறியபோது, மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின்னால் கொஞ்சம் உடம்பு தெரிந்தது. கண்ணாடியின் மூலையில் லேசாகப் பச்சை படர்ந்தது. நான் அதைத் தொடவில்லை.

அவர்கள் வந்த அன்று நான் காலையிலேயே அங்கே போய்க் கூட்டித் துடைத்து வைத்துவிட்டு, வாசலில் கார் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாக ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அண்ணாச்சி நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக உள்ளே வந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கட்டிலைப் பார்த்து நடந்தார்.

மைனி என்னைப் பார்த்தார்கள். நான் மைனியைப் பார்த்தேன். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை.

"அண்ணாச்சி, மீனப் பாருங்க."

"பாத்தேம்மா, போன்லயே" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."

"ஒரு தடவ பாருங்களேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு தொட்டிக்கு வந்தார். மீன் ஆள் நிழலைக் கண்டதும் மேலே வந்து வாயைத் திறந்து மூடியது. அவர் குனிந்தார். இன்னும் குனிந்தார். "ஏளா, என் கண்ணாடிய எடு" என்றார் மைனியிடம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீனிடம், "இடப் பக்கம் திரும்புலே" என்றார். மீன் அதன் பாட்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஏளா! இங்க வா! செவுளப் பாரு. வெள்ளைத் தழும்பு! இவன் ஏட்டுதாம்ளா!"

நானும் அப்போதுதான் பார்த்தேன். இடது செவுள் மேல் கடுகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு மாதத்துக்கு மேல் தினமும் பார்த்தும் என் கண்ணில் படாதது.

"ஏட்டு இல்லாம வேற யாரு?" என்றேன்.

மைனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஏட்டி, இந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? அந்த மீனு செத்துப்போச்சு, அந்தப் பிள்ளை பயந்துபோயி கடைல வேற ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கு, அதான் இத்தன நாளா ஒளிச்சு ஒளிச்சுக் காட்டுச்சு, ஒண்ணும் கேக்காத, கேட்டா அழுதுரும்னாரு. அன்னையிலேருந்து எக்சர்சைசுக்கு எந்திரிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

"பின்ன? நான் கேசு பாக்காதவனா?" என்றார் அண்ணாச்சி. "ஆள ஒளிக்கா, அப்பறம் திடீர்னு காட்டுதா. காட்டுனது நம்மாளு மாதிரியே இல்ல. எவனா இருந்தாலும் ஆள் மாறாட்டம்னுதான் சொல்லுவான். அங்க அடையாளம் மட்டும் இல்லைன்னா இப்பவும் நம்பிருக்க மாட்டேன்." மறுபடியும் குனிந்து பார்த்தார். "இப்பிடி மெலிஞ்சு கெடக்கானே. என்னம்மா பண்ணுன இவன?"

நான் சொன்னேன். அவரிடம் என் வாழ்நாளில் பேசிய மொத்தப் பேச்சைவிட அன்று அதிகம் பேசினேன். கேனில் கொண்டுவந்தது, பாசியைத் தேய்த்தது, மூலிகைக்கு ஆசைப்பட்டு இரண்டு கேன் ஊற்றியது, பொய் சொன்னது, குடை வாங்கியது, எல்லாம்.

அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். நான் நிறுத்தியதும் தொடங்கினார்.

"நல்ல தண்ணின்னா? ஏம்மா, குப்பை தூசி இல்லாத தண்ணின்னுல்லா சொன்னேன்! போர்த் தண்ணிய ஒரு நாள் பிடிச்சு வச்சு ஊத்துன்னு அர்த்தம்! மூலிகையா? ஏட்டுக்கு என்ன மேல்வலியா, பித்தமா? எண்ணெய் தேச்சு விட்டியா, அதையும் சொல்லிரு. கேக்கப்படாதா ஒரு வார்த்தை? ஒரு மாசமா தெனம் போன்ல பேசிருக்க! தூங்குதுன்னுல்லா சொன்ன! மீனு ஆறு மணிக்குத் தூங்குமா?"

தெரு முழுவதும் கேட்டிருக்கும். எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஆனால் மனசுக்குள் ஒரு மாதமாக இருந்த பாரம் இறங்கி, மழை விட்ட பிறகு வானம் இருக்குமே அப்படி இருந்தது. நல்லாத் திட்டுங்கள், இன்னும் திட்டுங்கள் என்றிருந்தது. மைனி உள்ளிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு என்ன தோன்றியதோ, நாற்காலியை அவருக்குப் போடாமல் கதவுக்குப் பின்னாலேயே வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து காதோடு காதாகச் சொன்னார்கள்:

"ஒண்ணும் பதில் சொல்லிராதட்டி. இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும். நின்னுக்கிட்டுல்லா திட்டுதாரு."